ஒரு நூல் பெரிய மீன்

என் வீட்டில் நாற்பத்தொரு மீன்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூடக் குழம்பு வைக்க முடியாது. எல்லாம் மரம்.

இதைச் சொன்னதும் எங்கள் ஒரம்பரை சொந்தபந்தங்களின் முகத்தில் ஓர் இரக்கம் வரும். பாவம், ரிட்டையர் ஆனதும் இப்படி ஆகிப்போய்விட்டது என்று. கோயமுத்தூரில் ஓய்வு பெற்ற பெண்மணிக்கு யோகா, மாடித்தோட்டம், மருமகளைக் குறை சொல்வது என்று சில பைத்தியங்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. மர மீன் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆரம்பித்தது மகளின் பிரசவத்தில். அமெரிக்காவில் மூக்கு உறைந்து போகிற ஒரு மாநிலத்தில் அவள் இருக்கிறாள். குளிர்காலத்தில் அங்கே ஏரியே கட்டியாகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதன்மேல் நடந்து போய், ஒரு கொட்டகையைப் போட்டு, பனியில் ஓட்டை வெட்டி, இருட்டில் ஈட்டியோடு உட்கார்ந்துகொள்வார்கள். மரத்தில் செதுக்கிய ஒரு சின்ன மீனைக் கயிற்றில் கட்டி ஓட்டைக்குள் விட்டு ஆட்டுவார்கள். வயிற்றில் ஈயம் வைத்திருப்பதால் அது மூழ்கும். தகரத் துடுப்பு இருப்பதால் நீந்துவதுபோல் வளையும். கீழேயிருக்கும் பெரிய மீன், அடடா, சாப்பாடு வந்துவிட்டது என்று மேலே வரும். ஈட்டி இறங்கும். அந்த ஏமாற்று மீன்களில் பழையவற்றை இப்போது யாரும் தண்ணீரில் விடுவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நாட்டுப்புறக் கலை என்று சொல்லி, நம்மைப் போன்ற பெரிய மீன்களைப் பிடிக்கிறார்கள்.

நான் பிடிபட்டேன். பேரனைப் பார்க்கப் போனவள், பெட்டியில் ஏழு மீன்களோடு திரும்பினேன். சாக்லேட்டுக்குக் காத்திருந்த நாத்தனார் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை தூரம் போயி பொம்மையா வாங்கியாந்தீங்க?" என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பழமொழியை அந்த நாட்களில் நான் தாராளமாகச் செலவழித்தேன். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாமன் மகன். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று பெரியவர்கள் முடித்த கல்யாணம். நான் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். அவர் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தார். பேட்டர்ன் பிரிவு. ஏதோ மர வேலை என்ற அளவில் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் கேட்டதில்லை. ஒரு நாளாவது அந்தப் பவுண்டரி வாசலுக்குள் கால் வைத்ததில்லை. கல்லூரியில் யாராவது "சார் என்ன பண்றாருங்க?" என்று கேட்டால், "இன்ஜினீயரிங் லைன்" என்பேன். கோயமுத்தூரில் அது நல்ல பதில். முதலாளியும் இன்ஜினீயரிங் லைன்தான், முதலாளியின் லேத்தைத் துடைக்கிறவரும் இன்ஜினீயரிங் லைன்தான். கேட்கிறவர்கள் மரியாதைக்காக மேல்நோக்கியே ஊகித்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன்.

எங்கள் ஊரில் கலைப்பொருள் சேர்க்கிறவர்கள் பத்துப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒரு பல் டாக்டர் வெற்றிலைப் பெட்டி சேர்க்கிறார். வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிற நோயாளிகளை ஆஸ்பத்திரியில் கண்டபடி திட்டுகிறவரும் அவரே. மில் குடும்பத்து அம்மையார் ஒருவர் பழைய வீட்டுத் தூண்கள் சேர்க்கிறார். அவர் ஹாலில் நான்கு தேக்குத் தூண்கள் நிற்கின்றன, எதையும் தாங்காமல். அந்த அம்மையார்தான் ஒரு நாள், என் மீன்களையெல்லாம் வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டு, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எல்லாமே ஃபாரின் மீனா இருக்குதுங்களே மேடம். நம்ம மண்ணோட மீனு ஒண்ணுகூட இல்லீங்களா?"

கொங்கு மரியாதை அப்படி. கத்தியைச் செருகும்போதும் 'ங்க' போட்டுத்தான் செருகுவோம். எனக்கு அன்று காபி இறங்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு சேதியும் அங்கேயே சொன்னார்கள். எங்கள் குழு நடத்தப்போகிற கண்காட்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு கலை நிபுணர் வருகிறார். அவர் சொந்தமாக நாட்டுப்புறக் கலைக்கூடம் வைத்திருக்கிறார். எங்களில் ஒருவருடைய ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அங்கே நிரந்தரமாக வைப்பார். அந்த ஒரு பொருள் என்னுடையதாக இருக்க வேண்டும். அதுவும் இந்த மண்ணின் மீனாக இருக்க வேண்டும். தூண் அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டே காபி ஆற்ற வேண்டும். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

மண்ணின் மீனைத் தேடித் தாராபுரம் போனேன். அமராவதிக் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் பக்குவமாகக் கேட்டேன்.

"ஏனுங்க, மரத்துல மீனு செஞ்சு தண்ணியில விட்டு, அதைக் காட்டிப் பெரிய மீனைப் புடிக்கற பழக்கம் இங்க இருக்குதுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்துல மீனு செதுக்கற நேரத்துக்கு வலையைப் போட்டா நெச மீனே வந்துருமுங்களே, அம்மணி."

"உங்க தாத்தா காலத்துல இருந்திருக்குமுங்களா?"

"எங்க தாத்தனுக்கும் கிறுக்கு இல்லீங்க."

நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'மரபு பற்றிப் பேசத் தயங்குகிறார்கள்.' முப்பது வருஷம் பிள்ளைகளிடம் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று உயிரை எடுத்தவள் எழுதிய குறிப்பு இது.

அந்த வாரத்தில் ஒரு நாள், சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "அம்மணி, நம்ம பவுண்டரி எடத்தை வித்துப்போட்டாங்களாமா. பேட்டர்ன் பூராத்தையும் உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டுட்டாங்களாம்." குரல் கொஞ்சம் தழுதழுத்த மாதிரி இருந்தது. நான் போனில் ஏதோ அமெரிக்க மர மீன் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன்.

அடுத்த வாரம் உக்கடத்தில் ஒரு பழைய மரக்கடைக்குள் நுழைந்தேன். கதவு, ஜன்னல், உடைந்த கட்டில்களுக்கு நடுவே அது கிடந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். உடம்பு முழுக்கச் சிவப்பு. வால் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வளையம். வாயிலிருந்து உருண்டையாகக் கறுப்புக் கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வயிற்றிலும் முதுகிலும் மெல்லிய கோடு ஓடியது, இரண்டு பாதிகளைச் சேர்த்து வைத்ததுபோல். ஆனால் என்னை நிறுத்தியது அதன் வாய்தான். கீழுதடு கொஞ்சம் முன்னே தள்ளி, ஓரம் லேசாக மடிந்து, இப்போதுதான் தண்ணீரை விட்டு வெளியே வந்து மூச்சுக்குத் தவிக்கிற மீனின் வாய். என்னிடமிருந்த நாற்பதில் ஒன்றுக்கும் அப்படி வாய் இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பொய்யில்லை.

"பாய், இது எங்கிருந்து வந்துதுங்க?"

கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "மொத்தமா ஒரு லாட்டுல வந்ததுங்கம்மா. சரியாத் தெரியலீங்க."

"ஆத்துப் பக்கமிருந்து வந்திருக்குமுங்களா?"

"இருக்கலாமுங்க."

"மீன் புடிக்கறவங்க செஞ்சது மாதிரி இருக்குதுங்களே?"

"மீனு மாதிரிதானுங்க இருக்குது."

"அப்ப அமராவதிக் கரையில இருந்துதான் வந்திருக்கோணும்."

அவர் பொறுமையான மனிதர். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்கம்மா இருக்கும்" என்றார். கேள்வியும் நானே, பதிலும் நானே. அவர்மேல் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பால் பையைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! அம்மணி, இது எப்படி உன்றகிட்ட... இது வந்து..."

"கைய வெக்காதீங்க," என்றேன். "உங்களுக்கு இரும்பு தெரியும். இது கலை. சாயம் போயிரும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல வந்த முதல் தடவை அது.

இரண்டாவது தடவை, கண்காட்சிப் பட்டியலுக்கு அளவு எழுதும்போது. ஸ்கேல் கேட்டேன். அவர் பீரோவிலிருந்து தன் பழைய இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து, மீன் பக்கத்தில் வைக்காமலே, "பன்னண்டு இன்ச்சு" என்றார். எனக்குச் சந்தேகம். என் தையல் டேப்பால் அளந்தேன். பன்னிரண்டும் ஒரு நூலும் வந்தது. ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. கொத்தனாரிலிருந்து லேத்துக்காரர் வரைக்கும் இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"உங்க அளவு தப்புங்க," என்றேன் வெற்றியோடு.

"தப்பில்ல அம்மணி. இது எங்க ஸ்கேலு. இரும்பு ஊத்தி ஆறுனா சுருங்கும். அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதுக்காக எங்க ஸ்கேல்லயே ஒரு நூல் சேத்துத்தான் கோடு போட்டிருக்கும். இந்த மீனும்..."

"இரும்பு சுருங்கறதுக்கும் என்ற மீனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று எழுந்து போய்விட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வெண்ணெயை வாய் மூடு என்று அதட்டிக்கொண்டே அலைந்தேன். அந்த ஒரு நூலை வைத்து அன்றே ஒரு பத்தி எழுதினேன்: 'பன்னிரண்டுக்குச் சற்று மேலே நின்றுவிடும் இந்த நீளமே சொல்கிறது, இது அளவுகோல் அறியாத கை. மனம் சொன்ன இடத்தில் உளி நின்றிருக்கிறது.'

மூன்றாவது தடவை அவர் வாயைத் திறந்தது, கண்காட்சியில் பேச வேண்டியதை நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபோது. சிவப்பு குங்குமம், மஞ்சள் மங்கலம், கறுப்பு கண்ணேறு கழிக்கிற மை என்று கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் கட்டை, கவ்விய இரை. இரண்டு பாதிகள், ஆணும் பெண்ணும். வாசலில் நின்றவர், "அம்மணி, அந்தக் கலரு எதுக்குன்னா..." என்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, காருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். கோபக்காரராக இருந்தால் கத்தியிருப்பார், நானும் கேட்டுத் தொலைத்திருப்பேன். அவருக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

கண்காட்சி ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஹாலில். மீன்களையெல்லாம் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கினார். சிவப்பு மீனுக்குத் தனி மேஜை, கறுப்புத் துணி, விளக்கு. முன்னால் நானே அச்சடித்த அட்டை: 'தூண்டு மீன். அமராவதிக் கரை. செய்தவர்: தெரியாது.' அந்தத் 'தெரியாது' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேர் தெரிந்தால் அது யாரோ ஒருவர் செய்த சாமான். தெரியாவிட்டால் மண்ணே செய்தது. அட்டையை நேராக வைத்தவர் அவர். படித்தார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சென்னை நிபுணர் வந்தார். கதர் ஜிப்பா, கழுத்தில் கொட்டை மாலை, பேச்சில் பாதி பெருமூச்சு. வெற்றிலைப் பெட்டியைப் பார்த்து ஒரு பெருமூச்சு, தூணைப் பார்த்து ஒன்று. என் மீனின் முன்னால் இரண்டு விட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை. மைக்கைப் பிடித்து, குங்குமம், மஞ்சள், மை என்று எல்லாவற்றையும் பொழிந்தேன். அளவறியாத கை என்று சொன்னபோது அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"இது திறக்குமா மேடம்?" என்றார். "உள்ளே ஏதாவது இருக்கும். மந்திரம், பிடிமண், அந்த மாதிரி."

நான் திறந்து பார்த்ததே இல்லை. பாதிகள் இறுகிக் கிடந்தன. இழுத்தேன். வரவில்லை. நிபுணர் இழுத்தார். பல் டாக்டர், தொழில் அனுபவத்தை நம்பி, வந்து இழுத்தார். ஹால் முழுக்க வேடிக்கை பார்த்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"இழுக்கக் கூடாதுங்க. தட்டோணும்."

மீனை இடது கையில் ஏந்தி, மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து, அதன் அடியால் கோட்டுக்கு மேலே நான்கு இடத்தில் மெதுவாகத் தட்டினார். திருப்பி நான்கு தட்டு. பிறகு கட்டை விரலை வைத்து லேசாக நகர்த்தினார். மீன் புத்தகம்போல் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். "யாரு மேடம் இவரு, ஹெல்ப்பருங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரருங்க" என்றேன். அதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

உள்ளே சாயம் இல்லை. வெறும் தேக்கு. நடுவில் ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தகடு பதித்திருந்தது. "இதோ! மூழ்க வைக்கிற எடை!" என்று மைக்கில் கூவினேன். அதற்குப் பக்கத்தில் பென்சிலில் எழுத்து இருந்தது. குனிந்தேன்.

'எட்டு உருப்படி. சுருக்கம் 1 நூல். வாய் ஓட்டை முக்கால்.'

அந்த 1. மேலே கொக்கி, கீழே ஒரு படுக்கைக் கோடு. 'நூ'வின் வால் அடுத்த எழுத்தையும் சுற்றி வளைத்துக்கொண்டு போகிற அந்தச் சுழி. கல்யாணமான நாளிலிருந்து மளிகைச் சீட்டில் நான் பார்க்கிற கை. துவரம்பருப்பு 1 கிலோ. நூல்கண்டு 1.

நிமிர்ந்தேன். இரண்டு பாதிகளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. பரீட்சைப் பேப்பர் கொடுக்கிற நேரத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் வாத்தியார் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி ஓர் ஆசை இருந்தது.

"என்ன எழுதியிருக்கு மேடம்?" என்றார் நிபுணர்.

தூண் அம்மையார் முதல் வரிசையில் இருந்தார். சொல்லியிருக்கலாம். 'இவர் செய்தது.' இரண்டே வார்த்தை. எனக்கு எத்தனையோ மேடையில் எத்தனையோ வார்த்தை வந்திருக்கிறது.

"படிக்க முடியலீங்க," என்றேன். "பழைய கை. தெரியலீங்க."

என் வீட்டுக்காரர் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்தினார். ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். கறுப்புத் துணிமேல் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்குத் திரும்பிப் போனார்.

என் மீன்தான் தேர்வானது. வியாழக்கிழமை வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வதாக நிபுணர் சொன்னார். தூண் அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலுக்காகத்தான் இத்தனையும் செய்தேன், ஆனால் கை என்னுடையது மாதிரியே இல்லை. திரும்பி வரும்போது காரில் என் வீட்டுக்காரர், "பேச்சு நல்லாருந்துச்சு அம்மணி" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மனிதர் நிஜமாகவே சொன்னார். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலையில், அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். "அது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமா."

"ஏனுங்க சொல்லல?"

"மூணு வாட்டி சொல்ல வந்தனே," என்றார்.

சொல்லுங்க என்றேன். அன்றைக்குத்தான், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, அவர் வேலையைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரும்பில் வார்க்க வேண்டிய எதையும் முதலில் மரத்தில் அப்படியே செய்வார்கள். அதுதான் பேட்டர்ன். அதை மண்ணில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். மண் கலையாமல் எடுக்கத்தான் இரண்டு பாதி. தகட்டு ஓட்டையில் திருகாணி போட்டு மேலே தூக்குவார்கள். சிவப்பு, வார்த்தபடி விட்டுவிட வேண்டிய இடம். மஞ்சள், லேத்தில் கடைய வேண்டிய இடம். கறுப்பு, உள்ளே குழாய் ஓட்டை வருவதற்காக மண்ணுருளையைத் தாங்குகிற இடம். என் குங்குமமும் மஞ்சளும் மையும் இப்படியாகப் பவுண்டரித் தரையில் போய்ச் சேர்ந்தன.

"ஒரு மில்லு பங்களாவுல நீரூத்து வெச்சாங்க. சுத்தி எட்டு மீனு, வாயில தண்ணி வரோணும். டிராயிங்ல ஒரு குழாயைப் போட்டு, பக்கத்துல 'மீன்'னு எழுதி அனுப்பிச்சுட்டாங்க. வேறொண்ணும் இல்ல. மீனு வாயி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே? நாலு நாளு உக்கடம் மீன் மார்க்கெட்டுல போயி நின்னேன். உசுரோட வர்ற மீனு வாயவே பாத்துட்டு நின்னேன். எட்டு வாட்டி செதுக்கிப் போட்டேன் அந்த வாய. ஒம்பதாவதுதான் இது."

எனக்கு அந்த நான்கு நாட்கள் நினைவுக்கு வந்தன. சாயங்காலம் மீன் நாற்றத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவரை, குளித்துவிட்டு வந்தால்தான் காபி என்று கொல்லைப்பக்கம் துரத்தியிருக்கிறேன். எதற்குப் போனீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"சென்னைக்கு இப்பவே போன் பண்றனுங்க. அட்டையில உங்க பேரைப் போடச் சொல்றேன்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "பேரெல்லாம் வேண்டாம் அம்மணி. முப்பத்தி நாலு வருசம் செஞ்சதுல ஒண்ணுலயும் பேரு போட்டதில்ல. தெரியாதுன்னு போட்டிருக்கயே, அதை மட்டும் எடுத்துப்போடு. உனக்குத் தெரியுமல்லோ."

என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சென்னைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு இல்லை. குரல் திடீரென்று ஆபீஸ் குரலாகிவிட்டது. "பவுண்டரி அயிட்டமா? அப்ப அது ஃபோக் ஆர்ட் ஆகாதே மேடம். அளவு போட்டு, டிராயிங் பார்த்துச் செய்திருக்கிறார்." கொஞ்சம் யோசித்து, இரக்கத்தோடு ஒரு வழியும் சொன்னார். "இன்னும் யாருக்கும் தெரியாதில்லையா? அந்தத் 'தெரியாது' அப்படியே இருக்கட்டும். அதில்தான் ஒரு அழகு."

"வண்டி அனுப்பாதீங்க சார்," என்று வைத்துவிட்டேன்.

பிறகு எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'கண்காட்சியில் நான் வைத்த சிவப்பு மீன் ஆற்றங்கரையில் செய்தது அல்ல, தூண்டு மீனும் அல்ல. நீரூற்று வார்ப்பதற்காக என் கணவர் செய்த பேட்டர்ன். பன்னிரண்டு இன்ச், சுருக்கத்துக்கு ஒரு நூல் சேர்த்து, அளந்து செய்தது. மேடையில் எழுத்தைப் பார்த்தபோதே அவர் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.'

முதலில் கும்பிடு கைகள் வந்தன. தூண் அம்மையார், 'வாவ் மேடம், வீட்டுக்குள்ளயே ஆர்ட்டிஸ்ட்!' என்று போட்டுவிட்டு, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சேர்த்தார். பல் டாக்டர், தன் வெற்றிலைப் பெட்டியில் ஒரு கீல் லூசாக இருக்கிறது, சார் பார்த்துக் கொடுப்பாரா என்று கேட்டிருந்தார்.

போனை அவரிடம் நீட்டினேன். தூரத்தில் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, எழுத்துக்கூட்டுகிறவர்போல் நிதானமாகப் படித்தார்.

"கடேசி வரி எதுக்கு அம்மணி? அதுக்கு முன்னாடி இருக்கறதே போதுமே. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க. முன்னாடி இருக்கறது பூராவும் உங்களைப் பத்தினது. அந்தக் கடேசி வரி மட்டுந்தான் என்னைப் பத்தினது."

அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.